மவ்லா என்றால் யார்?

ஒரே ஒரு அரபுச் சொல்லுக்கு ஆயிரத்து நானூறு வருஷமாக அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடிந்தபாடில்லை. அந்தச் சொல், ‘மவ்லா’.

கி.பி. 632, மார்ச் மாதம். நபிகள் நாயகம் தமது கடைசி ஹஜ்ஜை முடித்துக்கொண்டு மக்காவிலிருந்து மதீனாவுக்குத் திரும்புகிறார். வழியில் கதீர் கும் என்றொரு நீர்நிலை. அங்கே எல்லோரையும் நிறுத்தி, மகள் ஃபாத்திமாவின் கணவரான அலியின் கையைப் பிடித்துக்கொண்டு, தாம் யாருக்கெல்லாம் மவ்லாவோ அவர்களுக்கெல்லாம் அலியும் மவ்லா என்று அறிவிக்கிறார். இதை ஷியாக்கள் மட்டும் சொல்லவில்லை. திர்மிதி, முஸ்னது அஹ்மது என்று சுன்னிகளின் ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே நடந்ததா இல்லையா என்பதில் பெரிய தகராறு கிடையாது. மவ்லா என்றால் என்ன? ‘தலைவர்’ என்பார்கள் ஷியாக்கள். ‘நேசர்’ என்பார்கள் சுன்னிகள். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு பெரிய விஷயம்.

இதை நான் உட்கார்ந்து படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். நாங்கள் பொள்ளாச்சிப் பக்கத்து ராவுத்தர்கள். ஹனஃபி மத்ஹபு, சுன்னி. பையன் கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஒருநாள் கேட்டான்:

“மாமா, ஷியாக்காரங்க முஸ்லிமே கிடையாதுன்னு ஒரு பயான்ல சொன்னாங்க. நீங்க தாழ்ப்பாள், கீலுன்னு எல்லாமே அந்த போரா பாய் கடையிலதானே எடுக்கறீங்க? எடுக்கலாமா?”

“முப்பது வருஷமா எடுக்கறேண்டா. இன்னும் துருப்பிடிக்கலை” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. ‘அவன் முஸ்லிமே இல்லை’ என்று முடிவு கட்டியவர்கள் அதோடு நின்றுவிடுவதில்லை. 2004 மார்ச் 2-ம் தேதி, முஹர்ரம் பத்தாம் நாள், கர்பலாவிலும் பாக்தாதிலும் ஷியாக்களின் கூட்டத்தில் குண்டு வைத்தார்கள். நூற்றுக்கும் மேலே செத்தார்கள். குண்டு என்றால் என்னவென்று 1998 பிப்ரவரிக்குப் பிறகு கோயமுத்தூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, இரண்டு பக்கத்தையும் கேட்டுவிடுவோம் என்று முதலில் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன்.

“யமனுக்கு அலி அவங்களோட போயிட்டு வந்தவங்கள்ல சிலருக்கு அவங்க மேல மனத்தாங்கல் இருந்துச்சுங்க. அதைத் தீர்க்கத்தான் நபி அப்படிச் சொன்னாங்க. ‘என்னை நேசிக்கிறவன் இவரையும் நேசிக்கணும்’னு அர்த்தம். பதவிக்கு நியமிக்கிறதா இருந்தா ‘இவர்தான் எனக்கப்புறம் கலீபா’ன்னு நேராச் சொல்லியிருக்க மாட்டாங்களா? நபி இறந்த அன்னிக்கு மதீனாக்காரங்க சகீஃபாவுல கூடி அடுத்து யாருன்னு பேசினாங்களே, அங்க யாரும் கதீரைச் சொல்லலையே?” என்றார். நோயில் படுத்திருந்தபோது தொழுகை நடத்த நபி அனுப்பியது அபூபக்கரைத்தான் என்பதையும், காரியங்களைக் கலந்து ஆலோசித்து நடத்துவதைக் குர்ஆனின் 42-வது அத்தியாயம் புகழ்வதையும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து போரா பாய். தங்க ஜரிகை வைத்த வெள்ளைத் தொப்பி, வீட்டில் குஜராத்தி கலந்த பேச்சு, கல்லாவில் நம் ஊர் ‘ஏனுங்க’. அவரும் தயாராகத்தான் இருந்தார்.

“மவ்லான்னு சொல்றதுக்கு முன்னாடி நபி ஒரு கேள்வி கேட்டாங்கல்ல? ‘உங்க உயிர் மேல உங்களைவிட எனக்கு உரிமை அதிகமில்லையா’ன்னு. ஆமான்னாங்க எல்லாரும். அதுக்கப்புறம்தான் மவ்லா வருதுங்க. அப்ப அது உரிமையா, வெறும் ஃபிரண்ட்ஷிப்பா? நேசத்தைச் சொல்றதுக்கா பாலைவனத்துல அத்தனை பேரை நிறுத்துவாங்க?”

குர்ஆனின் 5-வது அத்தியாயத்தில் 55-வது வசனம் அல்லாஹ்வும் தூதரும் தொழுது தானம் கொடுக்கும் விசுவாசிகளுமே உங்கள் ‘வலீ’ என்கிறது. தொழுகையில் குனிந்திருந்தபடியே ஏழைக்கு மோதிரம் கொடுத்த அலியைத்தான் அது குறிக்கிறது என்பது ஷியாக்களின் விளக்கம். அது விசுவாசிகள் எல்லோருக்கும் பொது என்பது சுன்னி விரிவுரையாளர்கள் பலரின் விளக்கம். ‘உங்களில் அதிகாரம் உடையவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்’ என்னும் 4:59-லும் இதே கதை. அவர்கள் ஆட்சியாளர்களும் அறிஞர்களும் என்பது ஒரு பக்கம். அல்லாஹ் நியமித்த இமாம்கள் என்பது மறுபக்கம்.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. மவ்லா, வலீ, மௌலவி, மௌலானா எல்லாம் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டு நிக்காஹில் பெண்ணுக்குப் பொறுப்பாளியாக உட்காருகிற அத்தாவுக்குப் பேர் ‘வலீ’. அங்கே அதற்கு அர்த்தம் அதிகாரம். தர்காவில் அடங்கியிருக்கும் மகானும் ‘வலீ’தான். அங்கே அர்த்தம் இறைவனின் நேசர். ஓதிக் கொடுக்கிற ஹஜ்ரத்தை ‘மௌலானா’, எங்கள் தலைவரே, என்கிறோம். சுன்னி, ஷியா இருவரும் சொல்கிற அர்த்தம் இரண்டையும் நாங்கள் தினப்படி புழங்குகிறோம், சண்டையில்லாமல். தமிழிலேயே ‘வலி’ என்றால் நோவும் உண்டு, பலமும் உண்டு. இடம் பார்த்துத்தானே புரிந்துகொள்கிறோம்? கதீரில் இடம் எது என்பதுதான் வழக்கே.

இறைவனே தலைவரை நியமித்துவிட்டால் தகராறு தீர்ந்துவிடுமா? போராக்களின் கதையையே பாருங்கள். அவர்களின் 21-வது இமாம் 12-ம் நூற்றாண்டில் மறைவுக்குப் போய்விட்டார். அவர் சார்பாக நடத்துகிறவர் தாயி. ஒவ்வொரு தாயியும் அடுத்தவரை நியமிக்க வேண்டும். அந்த நியமனத்துக்குப் பேர் ‘நஸ்’. 16-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நஸ் பற்றித் தகராறு வந்து தாவூதி, சுலைமானி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். 2014 ஜனவரியில் 52-வது தாயி காலமானபோது மறுபடியும் வந்தது. மகன் முஃபத்தல் சைஃபுதீன் பொறுப்பேற்றார். காலமானவரின் மாற்றாந்தாய் வழித் தம்பி குஜைமா குத்புதீன், 1965-லேயே தன்னை ரகசியமாக நியமித்துவிட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் 2016-ல் இறந்த பிறகு அவர் மகன் வழக்கை நடத்தினார். 2024 ஏப்ரல் 23-ம் தேதி நீதிபதி கௌதம் பட்டேல் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். நிரூபணம் உண்டா என்பதை மட்டுமே பார்த்ததாகவும், நம்பிக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கலந்து பேசித் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்களா? முதல் கலீபாவைச் சபையில் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாமவரை முதலாமவர் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாமவரை ஆறு பேர் குழு தேர்ந்தெடுத்தது. அந்த நால்வரில் மூன்று பேர் கொலையுண்டார்கள்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். 1959-ல் கெய்ரோ அல்அஸ்ஹரின் தலைவர் மஹ்மூது ஷல்தூத், ஷியாக்களின் ஜஃபரி மத்ஹபைப் பின்பற்றுவது கூடும் என்று ஃபத்வா கொடுத்ததையும், 2005-ல் அம்மானில் கூடிய உலக ஆலிம்கள் ஜஃபரி, ஜைதி உட்பட எட்டு மத்ஹபுகளை முஸ்லிம்கள் என்று ஒப்புக்கொண்டதையும் சொன்னேன்.

பையன் விடவில்லை. “அதுல போரான்னு பேரே இல்லையே மாமா?”

நல்ல கேள்வி. பேர் இல்லைதான். ஆனால் அதே அம்மான் அறிக்கை, அல்லாஹ்வையும் தூதரையும் ஏற்று ஐந்து கடமைகளையும் ஒப்புக்கொள்கிற எந்தக் கூட்டத்தையும் காஃபிர் என்று சொல்லக்கூடாது என்கிறது. போராக்களின் சட்டநூல் பத்தாம் நூற்றாண்டில் காஜி நுஃமான் எழுதிய ‘தஆயிமுல் இஸ்லாம்’. அதில் தூண்கள் ஏழு. தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் எல்லாம் இருக்கின்றன. முதல் தூணுக்கு மட்டும் பேர் ‘வலாயா’. மறுபடி அதே வேர்ச்சொல். “இமாமைப் பத்தி அவர் சொல்றதை நானும் ஒத்துக்கலைடா. ஒத்துக்காம இருக்க எனக்கு உரிமை உண்டு. அவரை தீனை விட்டு வெளியே தள்ள யார் எனக்கு உரிமை கொடுத்தா?” என்றேன். யோசிக்கிறேன் என்றான். அது போதும்.

கடைசியாக ஒன்று. ஷியாக்கள் இப்போது பிள்ளைகளுக்கு உமர், உஸ்மான் என்று பேர் வைப்பது அரிது. ஆனால் அலிக்கே அந்தப் பேர்களில் பிள்ளைகள் இருந்தார்கள். முன்னால் ஆண்ட கலீபாக்கள் மேலிருந்த பிரியத்தால் வைத்தார் என்பார்கள் சுன்னிகள். அரபுகளிடம் சாதாரணமாகப் புழங்கிய பேர்கள், உஸ்மான் என்று வைத்தது வேறொரு தோழரை நினைத்து என்பார்கள் ஷியாக்கள். இதற்கும் இரண்டு அர்த்தம்!

எது சரியோ தெரியாது. கி.பி. 680-ல், தண்ணீரை மறித்த கர்பலா மைதானத்தில், அண்ணன் ஹுசைனோடு நின்று உயிரை விட்டவர்களில் உஸ்மான் என்ற அந்தப் பிள்ளையும் ஒருவர்.