நியமனக் கடிதம் கேட்கலாமா?

கடைசிப் பேப்பர் எழுதி முடித்துப் பதினொரு நாளில் நான் கொழும்பு பஸ்ஸில் இருந்தேன். பெறுபேறு இன்னும் வரவில்லை. பட்டமளிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பதிவின்படி நான் இப்போதும் கலைப்பீட மாணவிதான். எங்கள் பட்ச் 2022இல், எரிபொருள் வரிசைகளுக்கு நடுவே கம்பஸுக்குள் வந்தது. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் இரண்டு மாதத்துக்கு மேல் எல்லாம் முடங்கிக் கிடந்தது. காத்திருந்தே அலுத்துப்போன ஆட்கள் நாங்கள். அதனால் கொழும்பில் ஒரு ஸ்டார்ட்-அப், தமிழ் தெரிந்த ஆள் உடனே தேவை என்று போட்டிருந்ததைக் கண்டதும் யோசிக்காமல் விண்ணப்பித்துவிட்டேன். ஸூமில் இருபது நிமிட இன்டர்வியூ. அடுத்த திங்கள் வரச் சொன்னார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டா.

“அது அரசாங்க வேலையோ?”

“இல்லையம்மா, ஸ்டார்ட்-அப். இப்பத்தான் தொடங்கின கொம்பனி.”

“இப்பத்தான் தொடங்கினதெண்டா எத்தினை நாளைக்கு நிண்டுபிடிக்கும்?”

சிரித்துச் சமாளித்துவிட்டேன். என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

இரவு பஸ் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. கையில் ஒரு சூட்கேஸ், அம்மா இடிப்பித்துத் தந்த மிளகாய்த்தூள், ஒரு பை பருத்தித்துறை வடை. மூன்று பேர் பங்குபோடும் ஒரு அறையில் எனக்கு ஒரு கட்டில். வீட்டுக்கார அன்ரி முதலில் கேட்டது “எந்த ஊர், ஆற்றை பிள்ளை?” என்று. அடுத்தது மூன்று மாத முற்பணம். என் கட்டிலுக்கு மாதம் பதினெட்டாயிரம். சம்பளம் நாற்பத்தைந்தாயிரம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ், சாப்பாடு, டேட்டா எல்லாம் கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் சொந்தக் காசில் வாழப்போகிறேன் என்ற புளுகம் இருந்தது.

ஒஃபீஸ் கொள்ளுப்பிட்டியில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. ஏழு பேர். சின்னக் கடைக்காரர்கள் கடன் கணக்கை போனிலேயே பதிந்துவைக்க ஒரு அப் செய்துகொண்டிருந்தார்கள். முதல் நாளே தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொம்பும் அரவும் எழுத்தைவிட்டுப் பிரிந்து, முன்னால் நிற்கவேண்டியது பின்னால் நின்றது. எந்த மென்பொருளில் டிசைன் செய்தார்களோ, அது தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாதது. அங்கே ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாததால் மாதக்கணக்காக அது அப்படியே இருந்திருக்கிறது.

எழுத்தைச் சரிசெய்த பிறகும் கடைக்காரர்கள் அப்பைப் பாவிக்கவில்லை. ஒவ்வொருவராக போன் பண்ணிக் கேட்பது என் வேலை. ஹட்டனில் ஒரு கடைக்கார ஐயா, “எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இதுல நம்ம கொப்பி எங்க இருக்கு?” என்று கேட்டார். பட்டனில் “வாடிக்கையாளர் நிலுவைப் பதிவேடு” என்று இருந்தது. அதைக் “கடன் கொப்பி” என்று மாற்றச் சொன்னேன். ஒரு கிழமையில் கணக்குப் பதிவது கூடியது. “ஆர்ட்ஸ் படிச்சிட்டு என்ன செய்யப்போறாய்?” என்று கேட்ட எல்லாருக்கும் அன்று போன் எடுத்துச் சொல்லவேண்டும்போல இருந்தது.

கூட்டங்களில் ஆங்கிலம், பகிடிகளுக்குச் சிங்களம். மற்றவர்கள் சிரித்து முடிய நான் சிரிப்பேன். ஆனால் மோசமான ஆட்கள் இல்லை. கொம்பனி தொடங்கியவருக்கு இருபத்தெட்டு வயது. “நாங்க ஒரு குடும்பம்” என்று அடிக்கடி சொல்வார். பிறகு எனக்குப் பங்கும் தருவதாகச் சொன்னார். எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். நியமனக் கடிதம் தரவில்லை. நானும் கேட்கவில்லை. குடும்பம் என்று சொல்கிறவரிடம் கடிதம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் மாதம் சம்பளம் வரவில்லை. இன்வெஸ்ட்டரின் காசு பிந்துகிறதாம், கொஞ்சம் பொறுக்கட்டாம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பின்னேரம் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் யோசித்தேன். ஏழு பேரில் ஐந்து பேருக்குக் கொழும்பில் வீடு இருக்கிறது. சம்பளம் பிந்தினால் அவர்கள் போகும் வீட்டில் சோறு இருக்கும். வாடகைக்கு இருப்பது நானும் மட்டக்களப்பில் இருந்து வந்த தம்பி ஒருவனும்தான். ஸ்டார்ட்-அப் என்றால் ரிஸ்க் எடுக்கவேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த ரிஸ்க் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை.

வாடகைக்குக் காசு கேட்டு அம்மாவுக்கு எடுத்தேன். ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. அம்மப்பாவைப் பற்றிச் சொன்னா.

அம்மப்பாவுக்கு யாழ்ப்பாண ரவுணில் தையல் கடை இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, ஒரு மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாராம். தென்மராட்சி, பிறகு வன்னி. அங்கே ஒரு மரத்துக்குக் கீழே திரும்பத் தொடங்கினார். “பக்கத்து வீட்டில ஒரு ரீச்சர் இருந்தவ. எங்களைப் போலத்தான் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவ. ஆனா அவவுக்குச் சம்பளம் வந்தது பிள்ளை. பிந்தியெண்டாலும் வந்தது. அந்த வீட்டில அடுப்பு எரிஞ்சது.”

சண்டைக்குள்ளும் அரசாங்க ஊழியருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அதை எங்கள் வீட்டோடு சேர்த்து யோசித்ததில்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்தபோது நான் பள்ளிக்கூடச் சிறுமி. இவர்கள் ஏன் அரசாங்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பின்னாளில் பெரிய ஆள்போலக் கதைத்திருக்கிறேன். அம்மாவின் தலைமுறைக்குத் தைரியம் இல்லை என்று நினைத்தேன். அவர்கள் ஒன்றுமில்லாமல் எத்தனை தரம் தொடங்கினவர்கள்! அதனால்தான் எங்களையாவது அப்படித் தொடங்கவிடாமல் பார்க்கிறார்கள்.

அடுத்தநாள் போய்க் கேட்டேன். நியமனக் கடிதம், பிந்திய சம்பளத்துக்கு ஒரு திகதி, ஊழியர் சேமலாப நிதி. முதலில் ஆங்கிலத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கிக்கொண்டு போனேன். குரல் நடுங்கியது. அவருக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்டார். அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும், யோசிக்கவேண்டிய தேவை அவருக்கு வந்திருக்காது. ஒன்பது நாளில் கடிதம் வந்தது. சம்பளம் இரண்டு தவணையில் கிடைத்தது. பங்கு பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அது இல்லை என்றே எடுத்துக்கொண்டேன். மட்டக்களப்புத் தம்பி, “அக்கா, எனக்கும் ஒண்டு கேட்டு வாங்கித் தாங்களன்” என்றான். “நீயே போய்க் கேள்” என்று என் பேப்பரைக் கொடுத்தேன்.

கம்பஸில் ஜூனியர்கள் கேட்கிறார்கள், வரலாமா என்று. வாங்கோ. எங்கள் மொழி தெரிந்த ஆட்களுக்கு இங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது. ஆனால் பஸ் ஏறமுதல் கடிதத்தைக் கேளுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், அவர்கள் போடவேண்டியது 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னுமொரு 3 சதவீதம், அதுவும் அவர்கள்தான். சின்னக் கொம்பனி என்பதற்காக அது இல்லாமல் போகாது. மூன்று மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். அது இல்லாவிட்டால் வீட்டில் முதலே சொல்லிவையுங்கள்.

பெறுபேறு வரும்வரை நான் இங்கேதான். பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பம் கோரினால் அதையும் போடுவேன். இரண்டும் செய்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. நேற்று அம்மா எடுத்தா. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“இந்த மாசம் ஈபிஎஃப் வெட்டினவங்களோ?”

“ஓமம்மா, வெட்டிட்டாங்கள்.”

“அப்ப சரி” என்று சொல்லி போனை அப்பாவிடம் கொடுத்தா.