துணைக்கு ஒரு பொம்பள ஆள்

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இதற்கு ஜன்னி என்று பெயர். காய்ச்சல் ஏறி ஆள் பிதற்ற ஆரம்பித்தால் 'ஜன்னி கண்டிருச்சு' என்பார்கள். வயதானவர் என்றால் அந்தப் பெயர்கூடக் கிடைக்காது. 'வயசாச்சுல்லா, புத்தி பேதலிச்சிட்டு' என்று முடித்துவிடுவார்கள். மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று வரும் மனக்குழப்பம் அது. காலையில் தெளிவாகப் பேசுகிறவர், பொழுது சாய்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். மறதி நோய் வருடக்கணக்கில் மெல்ல வரும். இது அப்படி வராது. உடம்பில் வேறெங்கோ கோளாறு என்பதற்கு இதுவே அடையாளம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, தண்ணீர் போதாமை, மலச்சிக்கல், வலி, தூக்க மாத்திரை, ஏன், சளிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகூடக் காரணமாகலாம்.

அம்மாவுக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் அவளுடைய கண்ணாடி, காது மிஷின், கழுத்துச் சங்கிலி மூன்றையும் கழற்றி ஒரு பாலித்தீன் கவரில் போட்டு அண்ணனிடம் கொடுத்தார்கள். கவர் அவனோடு வீட்டுக்குப் போய்விட்டது. பெண்கள் வார்டு என்பதால் இரவில் துணைக்கு ஒரு பொம்பள ஆள்தான் இருக்க வேண்டும் என்றார்கள். நான் இருந்தேன். (பகலுக்கு அப்படி ஒரு விதி இல்லை. பகலிலும் அந்த வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள்தான்.)

இரண்டாம் நாள் இரவு அம்மா கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். என்னைச் செத்துப்போன சித்தியின் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏளா, பசுவ அவுத்து விட்டியா?" என்று கேட்டாள். "என் சங்கிலிய எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று வார்டே எழுந்து உட்காரும்படி கத்தினாள். இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். "ராத்திரியானா வயசானவங்க இப்படித்தான், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்காமலேயே போனார்கள்.

நான்காம் நாள்தான் பொது மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். அம்மா சனி, வெள்ளி என்று ஆரம்பித்து மறுபடி ஞாயிறு, திங்கள் என்று போனாள். ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்திருந்தது, சிறுநீரில் தொற்று. கட்டை அவிழ்க்கச் சொன்னார். சிறுநீர் டியூபை எடுத்தார், தூக்க மாத்திரையை நிறுத்தினார். "கண்ணாடி எங்கே, காதுக்கு வைக்கிறது எங்கே?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பக்கத்துல இருந்து பேசிக்கிட்டே இருங்கம்மா, அதுதான் பெரிய வைத்தியம்" என்றார்.

அவர் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஷாரன் இனூயேயும் அவருடைய குழுவினரும் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று அவ்வப்போது சொல்வது, கண்ணாடியும் காது மிஷினும் மாட்டிவிடுவது, தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்க வைப்பது, இரவில் மாத்திரைக்குப் பதில் சூடான பாலும் முதுகு நீவலும். இவ்வளவுதான். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இப்படிக் கவனித்தவர்களில் 9.9 சதவீதம் பேருக்கே வந்தது. அங்கே இதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். இங்கே அந்த வேலைக்கு மகள், மருமகள், பேத்தி. பயிற்சியும் கிடையாது, படுக்கப் பாயும் கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி. கத்தவில்லை, எதையும் பிடுங்கவில்லை. சோறு ஊட்டினால் வாயிலேயே வைத்திருப்பார், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுவார். "இந்தப் பாட்டியப் பாருங்க, எவ்வளவு பொறுமை" என்று அம்மாவிடம் காட்டிச் சொன்னார்கள். அதுவும் டெலிரியம்தான். அமைதியாக வரும் இந்த வகைதான் முதியவர்களிடம் அதிகம் தவறிப்போகிறது. கண்டுபிடிக்கத் தாமதமாவதால் ஆபத்தும் கூடுதல். ஆயுசு முழுக்க வாயைத் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட பெண் ஒருநாள் முழுக்கப் பேசாமல் கிடந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

செலவுக்கு வருகிறேன். டெலிரியத்தால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 3,800 கோடி முதல் 15,200 கோடி டாலர் வரை மருத்துவச் செலவு கூடுகிறது என்று 2008-இல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. மருத்துவமனை, பராமரிப்பு இல்லம் என்று பில் போடக்கூடிய செலவுகள் அதில் உண்டு. எங்கள் வீட்டுக் கணக்கில் பெரும்பகுதிக்குப் பில்லே இல்லை. தனியார் பள்ளி ஆசிரியையான எனக்கு 11 நாள் சம்பளம் போனது. வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவுக்குத் தெளிவு முழுதாகத் திரும்ப ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் பார்த்தவள் மதினி. அவள் பீடி சுற்றுகிறவள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி; தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால்தான் காசு. அம்மா எழுந்து வாசலுக்கு நடந்துவிடுவாளோ என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டை இறக்கி வைப்பவள் எத்தனை சுற்றுவாள்? பாதிகூடத் தேறவில்லை. 'மருமக நல்லாப் பாத்துக்கிடுதா' என்ற பேர் மட்டும் கிடைத்தது.

2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97. குடும்பத்தினரைப் பராமரிப்பதில் பெண்கள் 134, ஆண்கள் 76. மதினியின் தட்டு இறங்கி ஏறிய நேரமெல்லாம் இந்த எண்களுக்குள்தான் எங்கோ இருக்கிறது. காப்பீட்டுத் திட்டங்கள் கட்டிலுக்கும் மருந்துக்கும் பணம் தருகின்றன. கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்துப் படுப்பவளின் நாள் கூலிக்கும் ஒரு பத்தி வேண்டும். கேட்டால் 'பெத்த தாய்க்குப் பாக்கதுக்குக் காசா?' என்பார்கள். எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் அவள் பெற்ற தாய்தான். லோடு ஆட்டோ ஓட்டப் போன அவனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கண்ணாடியும் காது மிஷினும் வந்தன. சங்கிலி வரவில்லை. மருத்துவமனையில் அட்வான்ஸ் கட்ட அண்ணன் அதை அடகு வைத்திருந்தான். அவசரம், அவனுக்கும் வேறு வழியில்லை. ஆனால் அம்மா தியேட்டரில் இருந்தபோது அவளுடைய ஒரே நகை அவளைக் கேட்காமல் போயிருந்தது. அதற்குள் 'சங்கிலியக் காணும்னு கத்துனாளாம்' என்பது சொந்தக்காரர்களிடம் சிரிப்புக் கதையாகியிருந்தது. வீட்டுப் பத்திர விஷயத்தை இனி அவளிடம் பேசிப் பயனில்லை என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். தெளிந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. முதியோர் உதவித்தொகை வந்துவிட்டதா என்று அம்மா கேட்டால்கூட எதிரில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எட்டாம் மாதம் சங்கிலியை மீட்டோம். அசல் அண்ணனுடையது, வட்டி மதினியின் பீடிக் கூலி. அம்மா அதை உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பதுபோல இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.