அளந்து பார்த்தீர்களா?

கோலா கங்சாரில் ஒரு பட்டறைக்குள் நுழைந்தபோது, பழைய புரோட்டோன் சாகா ஒன்று பானெட் திறந்து நின்றது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம். எஞ்சின் அசையவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் காடி அது. "ரெண்டு தடவை பேட்டரி மாத்திட்டேண்ணே, இன்னமும் அதே கதைதான்" என்றார்.

வயரிங் வேலை பார்க்கும் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஸ்பேனரை அவர் தொடவே இல்லை. "லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருப்புங்க டீச்சர்." விளக்கு துளியும் மங்கவில்லை.

"பேட்டரி செத்திருந்தா லைட்டு படுத்திருக்கும் தம்பி. கரண்டு இருக்கு, ஸ்டார்ட்டருக்குப் போகல" என்றார் என்னிடம்.

மீட்டரை வைத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். சாவி திருப்பியபோதும் 12-க்குக் கீழே இறங்கவில்லை. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் அழுத்திக்கொண்டு, மறுபடி திருப்பச் சொன்னார். 5 வோல்ட்! "இங்க அரை வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது."

ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 5 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். சாதாரண மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் அவ்வளவு சிறிய தடை பிடிபடாது. மின்சாரம் ஓடும்போதுதான் குறை தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சினுக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றினார். வெளியே பழுதில்லை. போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பூஞ்சணம்போல் செம்புக்களிம்பு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முறுக்கினார். முதல் திருப்பலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆசிரியை கைகூப்பினார். அண்ணனோ பட்டறைப் பையனிடம், "ஓடிருச்சேன்னு விட்றாத. திரும்ப அளந்து பாரு" என்றார். எஞ்சினை நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தபோது 0.1 வோல்ட். ஓடும் எஞ்சினில் பேட்டரிக்கு ஏறும் சார்ஜ் 14.2 வோல்ட். அதன் பிறகே பானெட்டை மூடவிட்டார்.

1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ ரப்பர் நட்ட ஊர் இது. இந்த அண்ணனும் தோட்டத்துப் பிள்ளைதான்; அம்மா பால்வெட்டுக்காரர். பட்டையைச் சீவும் கத்தி உள்மரத்தைத் தொட்டால் மரம் கெடும். ஆழம் குறைந்தால் பால் வராது. அந்த அளவு அம்மாவின் கைக்குத் தெரியும் என்றார். மகனின் கையிலும் அதே கவனத்தைத்தான் அன்று கண்டேன்.

தேவையில்லாமல் வாங்கிய இரண்டு பேட்டரிகளின் விலை ஓர் ஓய்வூதியக்காரருக்குப் பெரிய தொகை. கண்டுபிடிக்க ஆன நேரமோ கால் மணிதான். உங்கள் காடி நின்றுபோனால், பேட்டரிக்குப் பணம் எடுத்து நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "எர்த்தை அளந்து பார்த்தீர்களா?"