அப்பாவின் கைக்கடிகாரம்

ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த அன்று, பால்மரம் சீவிச் சேர்த்த காசில் வாங்கிய கைக்கடிகாரத்தை அப்பா எனக்குக் கட்டிவிட்டார். அதன் முதுகில் ‘30 மீட்டர்’ என்று பொறித்திருந்தது. அதை நம்பித்தான் மோசம் போனேன்.

பள்ளிப் பிள்ளைகளுடன் போர்டிக்சன் கடற்கரைக்குப் போயிருந்தோம். 1927-இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண்மணி, கழுத்தில் ரோலக்ஸ் கடிகாரத்துடன் ஆங்கிலக் கால்வாயில் 10 மணி நேரத்துக்கு மேல் நீந்தியதையும், அது நிற்காமல் ஓடியதையும் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்தேன். அந்நேரம் பந்து அலையோடு போயிற்று. நீந்திப் போய் எடுத்து வந்தேன். மாலையில் கண்ணாடிக்குள் பனி படர்ந்தது. இரவில் முள் நின்றது.

பட்டணத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவர் விளக்கினார்: அந்த 30 மீட்டர், அசையாத நீரின் அழுத்தத்துக்கான கணக்கு. மழைக்கும் கை கழுவவும் போதும். நீந்துவதற்கு 100 மீட்டராவது வேண்டும். நீரைத் தடுப்பது உள்ளிருக்கும் சிறு ரப்பர் வளையம். நாளானால் அது இறுகி விரிசல் விடும். கடல்நீர் பட்டால் நல்ல நீரில் அலச வேண்டும். ஈரத்தோடு சாவி கொடுக்கும் குமிழை இழுக்கவே கூடாது.

பயந்துகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

“காலமெல்லாம் நான் சீவுன கித்தாதான் கைவிட்டுருச்சு. நீ என்னப்பா செய்வ?” என்று சிரித்தார்.

வளையம் மாற்றிய கடிகாரம் இன்றும் ஓடுகிறது. கடலுக்குப் போனால் அதைக் கழற்றி ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். நேரம் பார்த்து எங்களைக் கரைக்கு அழைப்பது அந்தப் பிள்ளையின் பொறுப்பு.