ஏழு வாட் விரயம்

கையறிவு நூலறிவுக்குக் கீழ்ப்பட்டது என்னும் எண்ணம் எம்மிடையே ஆழ வேரோடியிருக்கிறது. அந்நோய் எனக்கும் இருந்தது. அதனைத் தீர்த்தது வீட்டில் நான் கட்டிய ஒரு வால்வு அம்பிளிபயர்.

1974 ஆம் ஆண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம். யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அமெச்சூர் வானொலி உரிமமும் பெற்றிருந்தேன். என் சிறிய அனுப்பியின் வலுவைப் பெருக்க 807 வால்வு ஒன்று வேண்டியிருந்தது. 1936 இல் அமெரிக்காவில் வெளிவந்த அவ்வால்வு, உலகப் போரின் பின் மிச்சப்பொருளாக மலிந்து, வசதியற்ற வானொலி ஆர்வலர் பலரின் கைக்கு எட்டியது. சந்தையடியில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் தம் பழம்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார்.

சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் தட்டை நோக்கி விரைகின்றன. இடையிலுள்ள கம்பிவலையில் எழும் சிறு அழுத்த மாற்றம் அப்பெரும் ஓட்டத்தை ஆள்கிறது. இதனைக் கரும்பலகையில் அழகாக விளக்குவேன். ஆனால், 600 வோல்ட் மின்வழங்கியைக் கட்டிப் பழகியவர் அவரே.

அவர் இரு விதிகள் கூறினார். திறந்த பெட்டியில் வேலை செய்கையில் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளவேண்டும். இரு கைகளுக்கிடையே பாயும் மின் நெஞ்சைக் கடக்கும். கொண்டென்சர்களுக்குக் குறுக்கே 50,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் போடவேண்டும். நான் கணக்கிட்டேன்: அது ஏழு வாட் மின்னை வீணே வெப்பமாக்கும்! படித்தவனல்லவா? விட்டுவிட்டேன்.

வால்வைச் செருகுமுன் மின்வழங்கியை மட்டும் இயக்கி அளந்தபின் நிறுத்தினேன். சற்றுநேரத்தில், உதவிக்கு வந்திருந்த மாணவன் கம்பியொன்றைத் திருத்தக் கை நீட்டினான். மறுகை உலோகச் சட்டத்தில் ஊன்றியிருந்தது. அவ்விதிகளில் ஒன்றையேனும் நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. படீரென்ற ஓசையுடன் சுவரோரம் போய் விழுந்தான். பிழைத்தான், விரல்நுனியில் கருகிய தழும்பு நிலைத்துவிட்டது.

செய்தியறிந்த முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “சுவிச்சை நூத்தாப்போலை கறண்ட் போயிடாது, மாஸ்ரர். கொண்டென்சர் அதைப் பிடிச்சு வைச்சிருக்கும். அந்த ரெசிஸ்டர்தான் அதை இறக்கிவிடும்” என்றார்.

மூன்று முனை வால்வை டி ஃபாரஸ்ட் 1906 இல் ஆக்கியபோது, அது எவ்வாறு இயங்குகின்றதென அவரே தெளிவுற அறிந்திருக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் அதன் இயக்கத்தைச் செம்மையாக விளக்கியது 1914 இல். கை முன்னே சென்றது. கோட்பாடு பின்னே வந்தது. ஒன்றையொன்று இகழ்ந்திருப்பின் வானொலி ஏது?

ரெசிஸ்டரைப் பொருத்தினோம். சோதனைக்காக அன்ரெனாவுக்குப் பதிலாக இணைத்த 40 வாட் மின்குமிழ் ஒளிர்ந்தபோது, அம்மாணவனும் முதியவரும் அருகில் நின்றனர். அடுத்த வாரம் அம்முதியவரை எங்கள் ஆய்வுகூடத்திற்கு அழைத்துப் பாடம் நடத்தச் செய்தேன். ஆசிரியர் சிலர் முகஞ்சுழித்தனர். நானோ மாணவரோடு வாங்கில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.