பி0720: கோடு சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் படிக்கும் ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார். ஒரு நாள் 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது. கார் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மேலே மாற மறுக்கிறது. ஸ்பீடோமீட்டர் முள்ளும் துள்ளுகிறது. "கியர்பாக்ஸ் போச்சு" என்கிறார்கள் நண்பர்கள். மாற்றினால் காரின் விலையைவிடச் செலவு அதிகமாகிவிடலாம்!

1996 மாடல் முதல் அங்கே விற்கப்படும் கார்களில் ஓபிடி-2 என்ற பொதுவான முறை உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண் வந்துவிடும். வந்தது பி0720. 'பி' என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. 7 என்றால் டிரான்ஸ்மிஷன். மொத்தத்தில், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு.

பலர் சறுக்குவது இங்கேதான். கோடு சொல்வது 'சர்க்யூட்' என்றுதான், 'சென்சார் கெட்டுவிட்டது' என்று அல்ல. சென்சார், ஒயர், கனெக்டர் எல்லாமே அந்த சர்க்யூட்டில் அடக்கம். கார் ஒரே கியரில் நிற்பதும் கியர்பாக்ஸ் உடைந்ததற்கு அடையாளம் அல்ல. எந்த வேகத்தில் போகிறோம் என்று தெரியாத கம்ப்யூட்டர், கியர்பாக்ஸைக் காப்பாற்ற எடுக்கும் முன்னெச்சரிக்கை அது.

எனவே செலவில்லாத சோதனைகள் முதலில். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசம் பிடித்திருக்கிறதா, ஆயில் கசிந்திருக்கிறதா என்று தெரியும். ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்திருக்கலாம், சைலென்சர் குழாயில் பட்டு உருகியிருக்கலாம். அடுத்து மல்டிமீட்டர். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சென்சார் என்றால், அதன் ரெசிஸ்டன்ஸை அளந்து சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடலாம். சுருள் அறுந்திருந்தால் மீட்டர் உடனே காட்டிவிடும். சென்சாரைக் கழற்றும்போது நுனியையும் பார்க்க வேண்டும். மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் தேய்மானம்தான், துடைத்தால் போதும். துண்டு துண்டாக இரும்பு வந்தால்தான் கியர்பாக்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

சரிசெய்த பிறகு கோடை அழித்துவிட்டு, எல்லா கியரும் விழும்படி ஓட்டிப் பார்க்க வேண்டும். மறுபடி வராவிட்டால் வேலை முடிந்தது.

எங்கே தேட வேண்டும் என்று மட்டுமே அந்த எண் சொல்லும். தேடாமலே சென்சாரை மாற்றி, மறுநாளும் அதே விளக்கு எரிந்து விழிப்பவர்கள் ஏராளம். அரை மணி நேரம் மீட்டரோடு காருக்கு அடியில் படுத்தால், அந்த மாணவனின் ஒரு செமஸ்டர் சேமிப்பு மிஞ்சலாம்.