எந்த நாட்டுக்கு அனுப்புவது?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார்: "அக்கா, சொந்த நாடே வேணாம்னு சொல்லிட்டா, அவங்கள எங்க அனுப்புவாங்க?" நாங்கள் பதில் சொல்வதற்குள் பாதிப்பேர் வேறொன்று கேட்டுவிட்டோம்: "மொதல்ல அவர் என்ன குற்றம் பண்ணார்?" காவல் நிலையத்தில் எங்கள் பையன்களைப் பற்றி இதே கேள்வி வரும்போது நாங்கள் கொதித்திருக்கிறோம். அன்று எங்கள் வாயிலிருந்தே அது வந்தது.

பேச்சு கெஸ்டுடிஸ் ஜட்விடாஸ் பற்றியது. 1948இல் ஜெர்மனியில், போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கான முகாமில் பிறந்தவர். எட்டு வயதில் அமெரிக்கா வந்தார். ஆம், திருட்டு, போதைப்பொருள் வழக்குகளில் தண்டனை பெற்றவர்தான். 1994இல் வெளியேற்ற உத்தரவு வந்தது. எங்கள் குடிமகன் இல்லை என்றது ஜெர்மனி. பெற்றோரின் லிதுவேனியாவும் கைவிரித்தது. மனைவி பிறந்த டொமினிகன் குடியரசைக்கூடக் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. எந்த நாடும் பயண ஆவணம் தராவிட்டால் விமானம் ஏற்ற முடியாது. நாடுகள் கைவிரித்ததற்கு விலை கொடுத்தது அவர்தான்: பரோலில் விடுவிக்கப்பட்டும் காவல்.

2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5க்கு 4 என்ற கணக்கில், இப்படிக் காலவரையின்றி அடைத்துவைக்கச் சட்டம் இடம் தரவில்லை என்றது. ஆறு மாதம் கடந்தும் அனுப்புவதற்கான வாய்ப்பு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லையென்றால் பொதுவாக விடுவிக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கில் கிடைத்த வெற்றி என்பதை மறந்துவிட்டு நாங்கள் அதை வகுப்புகளில் பெருமையாகச் சொல்லிவந்தோம்.

2025இல் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: சம்பந்தமே இல்லாத மூன்றாவது நாடு. ஜூலையில் கியூபா, ஜமைக்கா, லாவோஸ், வியட்நாம், ஏமன் நாட்டவர் ஐவரை ஆப்பிரிக்காவின் எஸ்வாத்தினிக்கு அனுப்பினார்கள். சொந்த நாடுகளே ஏற்க மறுத்த கொடியவர்கள் என்றது அமெரிக்க அரசு. நாங்கள் யாரையும் மறுக்கவில்லையே என்றது ஜமைக்கா!

'மறுக்கிறார்கள்' என்று சொல்வது யார், கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார்களா? அந்த மாணவியின் கேள்விக்கு முன்னால் நாங்கள் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். செப்டம்பரில் அந்த ஜமைக்காக்காரர் ஊர் திரும்பினார். உடன் போன மற்ற நால்வரும் அப்போதும் எஸ்வாத்தினி சிறையில்தான் இருந்தார்கள்.